கனகவல்லியின் குரல்

தபீதாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது அவளுடைய மகள் பிளஸ்ஸி, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு காரியம் செய்தாள்.

பிளஸ்ஸிக்கு இருபத்தெட்டு வயது. கிண்டியில் வேலை. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் என்றால், கிண்டி வரும்வரை பக்கத்தில் இடியே விழுந்தாலும் திரும்பமாட்டாள். அவள் கேட்பது பாட்டு இல்லை, புத்தகம். அதிலும் பேர்பெற்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். முழங்கால் கிழிந்த பிறகும் மூன்று வருடம் ஆடிய கால்பந்துக்காரர், லாரி ஓட்டிக்கொண்டிருந்து பாடகரானவர் என்று யார் யாருடைய வாழ்க்கையோ அவள் காது வழியாக உள்ளே போய், சாப்பாட்டு மேசையில் வாய் வழியாக வெளியே வரும். "அந்தக் கால்பந்துக்காரர் இருக்காரே, அவருக்கு லிஃப்ட்ல ஏற பயமாம் மம்மி" என்பாள், ஏதோ எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. எழுத்தில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம், வாசிக்கும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கட்சி.

ஒருநாள் ரயிலில் வரும்போது அவள் கண்ணில் ஓர் அறிவிப்பு பட்டது. நடிகை கனகவல்லி தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார், அச்சிலும் ஒலியிலும் ஒன்றாக வெளிவரப்போகிறது, ஒலிப்புத்தகத்தை வாசிக்க ஐம்பது வயது தாண்டிய பெண்குரல் தேவை, எதையாவது இரண்டு நிமிடம் வாசித்து அனுப்புங்கள் என்று போட்டிருந்தது. பிளஸ்ஸி யோசிக்கவே இல்லை. ஈஸ்டர் ஆராதனையில் அம்மா வேதபாடம் வாசித்ததை அவள் செல்போனில் பதிந்துவைத்திருந்தாள். அதை அப்படியே அனுப்பிவிட்டு, வீட்டில் சொல்லவும் மறந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், தபீதாள் இரும்புலியூர் வீட்டுச் சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிய பெண்ணின் பெயர் ஓவியா. ஊரப்பாக்கத்தில் சின்னதாக ஒரு ஒலிப்புத்தக ஸ்டூடியோ நடத்துகிறாள். அந்த இரண்டு நிமிடத்தை இருபது தடவை கேட்டுவிட்டாளாம். கொஞ்சம் தயங்கி, "ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. கனகவல்லி மேடத்துக்குப் படத்துல பேசினது நீங்கதானே?" என்றாள்.

தபீதாளின் கையில் கத்தி அப்படியே நின்றது. இருபத்து மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. இல்லை என்று சொல்லிவிட்டு மிச்சக் காயை நறுக்கியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"ஆமாம்மா, நான்தான்" என்றாள்.

எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த பிளஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள்.

நடந்தது இதுதான். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன், ஒரு தோழியின் கல்யாணத்தில் தபீதாள் வேதபாடம் வாசித்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் சாம்பசிவன் என்றொரு ஒலிப்பதிவாளர் இருந்தார். அவர் வேலை பார்த்த கோடம்பாக்கம் டப்பிங் தியேட்டரில், ஒரு புதுமுகத்துக்குக் குரல் கிடைக்காமல் ஒரு வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புதுமுகம் போபாலிலிருந்து வந்த பெண், நிஜப்பெயர் ரூக்சார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் படத்தில் அவருக்குக் கனகவல்லி என்று வேடம், படம் ஓடு ஓடென்று ஓடியதில் அந்தப் பெயரே நிலைத்தது. முகம் ரூக்சாருடையது, குரல் தபீதாளுடையது. பதினோரு வருடத்தில் பதினேழு படங்கள்.

தபீதாள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். சினிமாவில் பேசுவது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்களோ, சபையில் என்ன நினைப்பார்களோ என்ற பயம். சனிக்கிழமைகளில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போவாள். டப்பிங் தியேட்டரில் அவளுக்குத் 'தாம்பரம் டீச்சர்' என்று பெயர். படத்தின் எழுத்துகளில் அந்தப் பெயர்கூட வராது. அவளும் கேட்டதில்லை. சொல்லப்போனால், ஊரே அறிந்த குரலை ஒருவருக்கும் தெரியாமல் தன் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதில் அவளுக்கு ஒரு தனிக் குஷி இருந்தது.

டப்பிங் தியேட்டருக்கு வெளியே தெரிந்தவர் ஒருவர்தான், அவள் கணவர் அசரியா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினேழு படங்களையும் வெளியான முதல் வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். கதை எப்படி என்று தபீதாள் கேட்டால், எனக்கென்ன தெரியும், நான் கண்ணை மூடிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன் என்பார்.

இதையெல்லாம் கேட்டதும் பிளஸ்ஸிக்குக் கோபம் வந்தது. ஊரில் இருக்கிறவர்கள் கதையையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, சொந்த வீட்டுக் கதை தெரியாமல் போயிருக்கிறது.  பிறகு செல்போனில் கனகவல்லியின் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தபடி அன்றைய பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மாலையில், "மம்மி, ஹீரோகிட்ட நீங்க பேசற பேச்சை டாடி எப்படித் தாங்கினாங்க?" என்று கேட்டாள். அசரியா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

தபீதாள் வாசிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை, ஆர்வம்தான். பதினேழு படம் பேசியும் கனகவல்லியை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. ஒருவர் நடித்துவிட்டுப் போன பிறகுதான் மற்றவர் வந்து பேசுவார். அந்தப் பெண் உண்மையில் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்க்கவும் ஆசைதான்.

திங்கட்கிழமை முதல் காலையில் ரயில் பிடித்து ஊரப்பாக்கம் போனாள். ஸ்டூடியோ என்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி வீடு. படுக்கையறைச் சுவரெங்கும் பஞ்சு ஒட்டி, நடுவில் ஒரு மைக்கும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். ஓவியா பொத்தேரிக் கல்லூரியில் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் இதைத் தொடங்கியவள். ஓடுகிற மின்விசிறியின் சத்தம்கூட மைக்கில் ஏறிவிடும் என்பதால் அதை நிறுத்திவிடுவாள். எக்ஸ்பிரஸ் ரயில் ஊதினால் வாசிப்பை நிறுத்த வேண்டும். கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்தால் நிறுத்த வேண்டும். பதினோரு மணிக்கு அந்தக் குக்கர் ஐந்து விசில் அடித்து ஓயும்வரை இருவரும் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள்.

புத்தகத்தின் பெயர் 'வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம்'. இந்தியும் ஆங்கிலமும் கலந்து ரூக்சார் சொல்லச் சொல்ல, யாரோ ஒருவர் அதைத் தமிழில் எழுதியிருந்தார். நடிகைகளின் புத்தகம் என்றால் சேலையும் விருதுமாகத்தான் இருக்கும் என்று தபீதாள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. சென்னைக்கு வந்த புதிதில் ஓட்டல் அறையில் ரசத்தை டீ என்று நினைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்ததை எழுதியிருந்தார். அப்பாவுக்குப் பிடிக்காமல் வந்ததால் ஆறு வருடம் வீட்டிலிருந்து கடிதம் வராததை, அழாமல், நாலே வரியில் எழுதியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வெற்றிவிழா வந்தது. மேடையில் மைக்கைப் பிடித்து, ரசிகர்கள்தான் என் பலம் என்று சொல்லப்போய், "ரசிகர்கள்தான் என் பள்ளம்" என்று சொல்லிவிட்டாராம். ஆயிரம் பேர் சிரித்த சிரிப்பில், இனித் தமிழில் மைக்கைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். இதை வாசிக்கும்போது தபீதாளுக்குச் சிரிப்பு வந்து மூன்று முறை நின்றுபோனது.

அதற்கு முந்தின நான்காம் அத்தியாயத்தில், தனக்கு 'வேறு ஒருவர்' குரல் கொடுத்ததாக ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் தபீதாள் மைக்குக்கு முன்னாலேயே லேசாகச் சிரித்துக்கொண்டாள். அந்த வேறு ஒருவர் நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு நிறைவாகவே இருந்தது. அதற்கு மேல் அவள் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பதினோராம் அத்தியாயம் வந்தது.

அது கனகவல்லிக்குப் பெரிய விருது வாங்கித் தந்த படத்தைப் பற்றியது. சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குப் போன கணவனின் படகு மட்டும் கரைக்கு வருகிறது. மனைவி அந்தப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வரி பேசுவாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேனே." தடுத்திருக்க என்ற இடத்தில் குரல் உடைந்து, மாட்டேனே என்பது வெறும் மூச்சாக வரும். அந்த வருடம் அந்த வரியைச் சொல்லிப் பார்க்காத பிள்ளைகள் கிடையாது. புத்தகத்தில் ரூக்சார் எழுதியிருந்தார்: 'அந்தப் படத்தில் மற்ற வசனமெல்லாம் வேறு ஒருவர் குரல். அந்த ஒரு வரி மட்டும் என் சொந்தக் குரல். கடற்கரையில் அதைப் பதினான்கு முறை பேசினேன். உடைந்தது என் குரல்தான். என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் ஒரே வரி அது.'

தபீதாள் அதுவரை வந்து நின்றுவிட்டாள். ஓவியா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரயில் ஒன்றும் வரவில்லையே என்பதுபோலப் பார்த்தாள்.

அந்த வரியைப் பேசியபோது தபீதாளுக்கு ஏழு மாதம். சாம்பசிவன் அவளுக்கென்று நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார். ஒன்பது தடவை பேசியும் சரியாக வரவில்லை. பத்தாவது தடவை, தடுத்திருக்க என்று சொல்லும்போது வயிற்றுக்குள் இருந்த பிள்ளை விலா எலும்புக்குக் கீழே ஓங்கி ஓர் உதை உதைத்தது. மூச்சு பிடித்துக்கொண்டது, குரல் உடைந்தது, மிச்சம் காற்றாக வந்தது. சாம்பசிவன் எழுந்து நின்று கைகூப்பினார். பிளஸ்ஸி பிறந்த பிறகு, அவளைத் தாலாட்டும்போதெல்லாம் அதை நினைத்துத் தபீதாள் தனக்குள் சிரித்திருக்கிறாள். மற்ற பதினாறு படத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு வரியை மட்டும் எப்படிக் கொடுப்பது?

"இதை நான் வாசிக்க முடியாதும்மா" என்றாள். "அது நான் பேசினது. இல்லைன்னு என் வாயாலேயே எப்படிச் சொல்றது?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே ஓவியாவால் மறுத்துப் பேச முடியவில்லை. புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மேடமும் புத்தக வேலையாகச் சென்னைக்கு வந்திருக்கிறார், பேசிப் பார்க்கட்டுமா என்று ஓவியா கேட்டாள். வேண்டாம், வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தபீதாள் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். விட்டுக்கொடுத்திருக்கலாமோ என்று வழியெல்லாம் உறுத்தியது. வீட்டில் அசரியாவிடம் சொன்னபோது, எதற்கும் சத்தம் போடாத மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "பதினேழு படத்துல நான் கண்ணைத் திறந்து பார்த்தது அந்த ஒரு இடத்துலதான் தபி. நீதானான்னு சந்தேகம் வந்து திறந்தேன். நீதான்" என்றார். தபீதாளுக்கு அது போதுமாக இருந்தது.

தபீதாள் வேண்டாம் என்றதை ஓவியா கேட்கவில்லை, மேடத்திடம் பேசிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் தபீதாளுக்குப் போன் வந்தது. மேடம் ஸ்டூடியோவுக்கு வருகிறார், உங்களைப் பார்க்க வேண்டுமாம், நாளைக்கு வரமுடியுமா? அசரியா நானும் வருவேன் என்று சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்த பெண்ணைத் தபீதாளுக்கு அடையாளமே தெரியவில்லை. நரைத்த குட்டை முடி, கண்ணாடி, சாதாரணப் பருத்திச் சுடிதார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் அந்தக் கண்கள் தெரிந்தன. பதினோரு வருடம் இருட்டறையில் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்த கண்கள்.

ரூக்சார் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "டீச்சர், ஏதாவது பேசுங்க" என்றார். கரகரப்பான, தாழ்ந்த குரல். திரையில் இருந்தவருக்கும் அந்தக் குரலுக்கும் ஒட்டே இல்லை.

தபீதாள், "மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

ரூக்சார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் குரலாக ஊர் சொன்ன குரல் இன்னொருவர் முகத்திலிருந்து வந்து தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

தண்ணீர் குடித்து முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். பொய் எழுதும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். படம் முடிந்ததும் இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, கடற்கரையில் நீ பேசியதை எடுக்க மனசில்லை, அந்த ஒரு வரியை மட்டும் உன் குரலிலேயே விட்டுவிட்டேன் என்று சொன்னாராம். உடைந்து மூச்சாகிப்போன குரலில் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இருபத்தெட்டு வருடமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறார். விருது மேடையில் அழுததும் அதற்காகத்தான். "டைரக்டர் சொல்லிச்சு டீச்சர். அந்த மனுஷன் இப்ப இல்லை. இருந்தா கேக்கலாம்" என்றார்.

 எதிரே இருப்பவர் திருடவந்தவர் இல்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போகட்டும், அந்த வரியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லத் தபீதாள் வாயெடுத்தாள். அதற்குள் ஓவியா, வேண்டுமானால் இரண்டு பேரும் அந்த வரியைப் பேசிப் பாருங்களேன், படத்தில் இருப்பதையும் போட்டுக் கேட்கலாம் என்றாள்.

ரூக்சார் உடனே எழுந்தார். மேசை விளிம்பைப் படகாக நினைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடியில் ஐம்பத்தைந்து வயது அவரை விட்டுப் போய்விட்டது. தாடை நடுங்கியது, கண் நிறைந்தது. தபீதாளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கரகரத்த குரல் எழுந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் தடித்திருக்க மாட்டேனே."

 ஓவியா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அசரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் மட்டும் குலுங்கியது.

ரூக்சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "என்ன?" என்றார்.

தபீதாள் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் சிரிப்பை அடக்கி முப்பது வருடம் பழகியவள். எழுந்து அவர் பக்கத்தில் போய், "தடுக்கறதுன்னா போகவிடாம நிறுத்தறது. தடிக்கறதுன்னா குண்டாகறது" என்றாள். "நீ சொல்லிட்டுப் போயிருந்தா நான் குண்டாகியிருக்க மாட்டேன்னு சொல்றீங்க மேடம்."

ரூக்சார் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. "கடற்கரையிலும் நான் இதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "பதினாலு தடவை."  அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி கீழே விழுவதைக் கவனிக்காமல், செத்துப்போன புருஷன் படகைப் பிடித்துக்கொண்டு உடம்பு எடையைப் பற்றிப் புகார் சொன்னேனா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அப்போதுதான் மற்றவர்களும் சிரித்தார்கள். அசரியாவுக்குப் புரையேறி, ஓவியா அவர் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

படத்தைப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இருந்தாலும் போட்டார்கள். 'தடுத்திருக்க' என்பது தெளிவாகக் கேட்டது.

அப்படியானால் இயக்குநர் ஏன் பொய் சொன்னார் என்று ரூக்சார் கேட்டார். கேட்கும்போது முகம் கொஞ்சம் வாடியிருந்தது. தபீதாள் அதற்குச் சொன்ன பதிலை அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை.

"நீங்க இப்ப அழுதீங்களே, அதை அன்னிக்கு நேர்ல பார்த்தவர் அவர். அது உங்க குரல் இல்லைன்னு உங்ககிட்ட சொல்ல மனசு வந்திருக்காது. நானும் ஒண்ணு சொல்றேன். ஒன்பது தடவை எனக்கு அந்த வரி வரவே இல்லை. உங்க தாடை நடுங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்துதான் பத்தாவது தடவை அந்த இடத்துக்கு வந்தேன். மிச்சத்தை என் பொண்ணு பார்த்துக்கிட்டா."

உதைத்த கதையைச் சொன்னதும் ரூக்சார் அந்தப் பெண்ணை உடனே பார்க்க வேண்டும் என்றார். பிளஸ்ஸிக்கு அந்தச் சனிக்கிழமை அலுவலகம் இருந்தது. வீடியோவில் கூப்பிட்டார்கள். செல்போன் திரையில் கனகவல்லியின் முகம் வந்ததும் பிளஸ்ஸி இருக்கையிலிருந்து எழுந்துவிட, "எனக்கு விருது வாங்கிக் குடுத்த கால் எங்க? காட்டு" என்றார் ரூக்சார்.

பதினோராம் அத்தியாயம் அன்று மதியமே மாறியது. அசரியா கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதத்தை நாலு பேரும் பகிர்ந்து சாப்பிட்டபடி, ரூக்சார் சொல்லச் சொல்ல ஓவியா தட்டச்சு செய்தாள். தடித்த கதை, இயக்குநரின் பொய், தாம்பரம் டீச்சர், வயிற்றுப் பிள்ளை எல்லாம் வந்தன. தபீதாளின் பெயர் முழுதாக வந்தது. முடிந்ததும் ரூக்சார் காகிதங்களைத் தபீதாளிடம் நீட்டினார்.

தபீதாள் வாங்கவில்லை. "இதை நீங்கதான் வாசிக்கணும்" என்றாள்.

ரூக்சாரின் முகம் வெளுத்துவிட்டது. பள்ளம், பள்ளம் என்றார். ஆயிரம் பேர் சிரித்தார்களே என்றார். தபீதாள் விடவில்லை. இத்தனை நாளும் உங்களுக்காக நான் பேசினேன், இந்தக் கதையை நான் சொன்னால் அதில் ருசி இருக்காது, இங்கே சிரிக்க ஆயிரம் பேர் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான், நாங்களும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டோம் என்றாள். இன்னொரு நாற்காலியை இழுத்து மைக் பக்கத்தில் போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் ஆனது. தமிழை ஆங்கில எழுத்தில் ஓவியா அச்சிட்டுக் கொடுக்க, ரூக்சார் முதலில் மூன்று பக்கம் தபீதாளின் கையைப் பிடித்துக்கொண்டே வாசித்தார். 'விருது' அவர் வாயில் 'விர்து' ஆனது. ஓவியா திரும்ப எடுக்கலாமா என்று சைகை காட்டியபோதெல்லாம் தபீதாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நாலாம் பக்கத்தில் அந்தக் கை தானாக விலகிக்கொண்டது. அதன் பிறகு வந்தது நடிப்பும் இல்லை, வாசிப்பும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து தனக்கு நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான். கடைசி வரியை முடித்த அதே நொடியில் கீழ்வீட்டுக் குக்கர் விசிலடிக்க, ரூக்சார் வாய்விட்டுச் சிரித்தார். ஓவியா அதையும் வெட்டவில்லை.

டிசம்பரில் புத்தகம் வெளிவந்தது. இருபத்து மூன்று அத்தியாயம் தபீதாளின் குரலில், ஒன்று ரூக்சாரின் குரலில். முதல் வாரத்திலேயே ஓவியாவின் போன் ஓயவில்லை. எல்லோரும் பதினோராம் அத்தியாயத்தைப் பற்றியே பேசினார்கள். பிளஸ்ஸி ஒருநாள் ரயிலில், எதிர் இருக்கைப் பெண் காதில் ஹெட்போனோடு தனியாகச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். எந்த இடம் என்று சைகையில் கேட்க, அந்தப் பெண் தன் இடுப்பைச் சுற்றிக் கைகளை அகலமாக விரித்துக் குண்டு என்று காட்டினாளாம்.

தபீதாளுக்குச் சபையை நினைத்துத்தான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சபையின் பழைய போதகரான ஐயரின் மனைவி அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கூடப் பெண்கள் ஐக்கியச் சங்கம் முழுவதும் நின்றது. தபீதாள் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பித்தாள். ஐயரம்மா கேட்க நேரமில்லாதவர்போல இடைமறித்தார்.

"எங்களுக்குத் தொண்ணூத்தி ரெண்டுலயே தெரியும். நீ பாடம் வாசிக்க ஏறினாலே பாதி சபைக்குக் கனகவல்லி ஞாபகம்தான் வரும். நீ சொல்லலை, அதனால நாங்களும் கேக்கலை."

முப்பத்து நான்கு வருடமாகக் கட்டிக்காத்த ரகசியத்தை ஊரே சேர்ந்து அவளுக்காகக் காத்துக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அசரியா சிரித்துக்கொண்டே வந்தார். தபீதாள் முதலில் முறைத்தாள், இரும்புலியூர் பாலம் வருவதற்குள் அவளும் சேர்ந்துகொண்டாள்.

புத்தக வெளியீட்டுக்கு வந்திருந்த ரூக்சார், போபாலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், தாம்பரம் மார்க்கெட்டைப் பார்க்கவேண்டும் என்றார். சென்னையில் பதினோரு வருடம் இருந்தும் கூட்டத்துக்குப் பயந்து அவர் ஒரு கடைத்தெருவில் நடந்தது கிடையாதாம். சாயங்காலம் நாலு மணிக்கு இருவரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினார்கள். பச்சைப் பட்டாணி, வாழைத்தண்டு, பிளாஸ்டிக் குடம், வளையல் என்று ஒவ்வொரு கடையிலும் ரூக்சார் நின்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்குப் பெரிய கொண்டாட்டமாக இருந்தது.

பூக்காரி ஒருத்தியிடம் தபீதாள் நின்று, மல்லி இன்றைக்குக் கட்டியதா நேற்றையதா என்று கேட்டாள். பூக்காரி தலையைத் தூக்கினாள்.

"இன்னாம்மா, அந்தக் கனகவல்லி கணக்கா பேசிகினு கீற? கண்ண மூடிகினா அவளேதான். அவ படம்னா எங்கம்மா உசுர வுடும்" என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற ரூக்சாரை மேலும் கீழும் பார்த்து, "இந்தக்கா யாரு, வெளியூரா?" என்றாள்.

தபீதாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ரூக்சார் முந்திக்கொண்டார்.

"போபால்" என்றார். "உங்க ஊரு ரொம்ப நல்லா கீது."

பூக்காரி கடகடவென்று சிரித்து, இந்தக்கா தமிழ் சோக்கா கீது என்று சொல்லி, அளந்த பூவோடு இன்னும் ஒரு சாண் சேர்த்துக் கிள்ளிக் கொடுத்தாள். ரூக்சார் அதை வாங்கி இரண்டாகப் பிய்த்தார். தன் குட்டை முடியில் பூ நிற்காது என்று தெரிந்து, இரண்டையும் தபீதாளின் கொண்டையிலேயே வைத்துவிட்டார். பசிக்கிறது என்றார். பக்கத்தில் சமோசா வாசனை வந்தது. எந்தக் கடையிலிருந்து என்று கண்டுபிடிக்க இருவரும் கூட்டத்துக்குள் புகுந்தார்கள்.